பாஸ்போர்ட் சட்டைப்பையிலா, பெட்டியிலா?

வெளிநாட்டில் இருப்பவர் பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டுமா, தங்கும் இடத்தில் பூட்டிவைத்துவிட்டு வெளியே போகலாமா என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. ஜப்பானில் சுற்றுலா வந்தவர் அதைக் கையில் வைத்திருக்காவிட்டால் அபராதம். பிரிட்டனில் தெருவில் நடப்பதற்கு எந்த அடையாள அட்டையும் வேண்டாம். துபாயில் வேலை பார்ப்பவரிடம் கேட்கப்படுவது எமிரேட்ஸ் ஐடி. அதனால் எந்த நாடு, அங்கே எந்த விசாவில் இருக்கிறார், அன்றைக்கு எங்கே போகிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

பெங்களூரில் இது வீட்டுக்கு வீடு எழுகிற கேள்வி. மூன்று மாத ஆன்சைட் வேலைக்கு ஜெர்மனி போகிற மகன், ஹெச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கும் மகள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோர், ஷார்ஜாவில் கட்டட வேலைக்குப் போன தம்பி என்று ஒரே தெருவில் நான்கு வகைப் பயணிகள் இருப்பார்கள். நால்வர் கையிலும் இருப்பது கோரமங்கலா எட்டாவது பிளாக்கில் உள்ள மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கிய அதே நீலப் புத்தகம். ஆனால் நால்வருக்கும் விதி வேறு.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது வைத்திருப்பவரின் சொத்து இல்லை என்பது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் எப்போதுமே மத்திய அரசுக்குச் சொந்தம். பெயர் அச்சிடப்பட்டவர் அதைக் காப்பாற்றும் பொறுப்பில் இருப்பவர், அவ்வளவே. புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை வாசகத்தைப் படிப்பவர்கள் குறைவு. உரிமை இல்லாத யார் கைக்கும் பாஸ்போர்ட் போகக் கூடாது, தபாலில் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, தொலைந்தால் உடனே அருகிலுள்ள இந்தியத் தூதரகத்திடமும் உள்ளூர்க் காவல்துறையிடமும் சொல்ல வேண்டும் என்பவை அதன் சாரம். சட்டைப்பையில் வைக்கச் சொல்லியோ பெட்டியில் வைக்கச் சொல்லியோ அதில் எதுவும் இல்லை. அதை முடிவு செய்வது போகிற நாட்டின் சட்டம்.

எல்லை தாண்டும் ஒவ்வொருவரும் இப்படி ஒரு புத்தகத்தோடு போக வேண்டும் என்பதே ஏறக்குறைய நூறு வருடப் பழக்கம்தான். முதல் உலகப் போருக்கு முன்பு உலகின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகு ஓடத் தொடங்கியபோது, சென்னையில் ரயிலேறியவர் போட் மெயிலில் கொழும்பு வரை போய்ச் சேரலாம். போர்க்கால ஏற்பாடாக வந்த பாஸ்போர்ட் போர் முடிந்த பிறகும் போகவில்லை. இந்தியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் வேண்டும் என்ற சட்டம் 1920இல் வந்தது. புத்தகத்துக்கு 32 பக்கம் என்ற அளவை முன்வைத்த பாரிஸ் மாநாடும் அதே ஆண்டு நடந்தது. இலங்கைத் தமிழில் கடவுச்சீட்டு என்றும் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் பாஸ்போர்ட் என்றும் வழங்கும் இந்தப் பொருள் எல்லையைக் கடப்பதற்காகப் பிறந்தது. எல்லைக்குள்ளே நடமாடுவதற்கும் அதுவே ஆதாரமாக வேண்டும் என்று சில நாடுகள் சொல்லத் தொடங்கியது அதன் அடுத்த கட்டம்.

கண்டிப்பான நாடுகளில் முதலில் வருபவை ஜப்பானும் சீனாவும். ஜப்பானில் குறுகிய காலத்துக்கு வந்தவர் பாஸ்போர்ட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும், காவலர் கேட்டால் காட்ட வேண்டும். நகல் போதாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்றவர்களுக்கு 2012 ஜூலை முதல் குடியிருப்பு அட்டை தருகிறார்கள். அது கையில் இருந்தால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிடலாம். டோக்கியோவில் ஆறு மாதம் வேலைக்குப் போகிற பெங்களூர்ப் பொறியாளர் அட்டையோடு நடக்கலாம். அவரைப் பார்க்க இரண்டு வாரம் வருகிற அம்மா அப்பா பாஸ்போர்ட்டோடுதான் நடக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் இரண்டு விதி என்பது பலருக்கு உறைப்பதில்லை. மகன் அட்டையை மட்டும் எடுத்துப் போவதைப் பார்த்துப் பெற்றோரும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கோயில் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். சீனாவில் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 16 வயது நிரம்பிய எல்லா வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அனுமதியையோ உடன் வைத்திருக்க வேண்டும். அங்கே அதிவேக ரயிலுக்குப் போனாலும் பாஸ்போர்ட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் குழப்பம் அதிகம். ஷெங்கன் விசா ஒன்றில் பல நாடு சுற்றலாம் என்பதால் உள் எல்லைகளில் பாஸ்போர்ட் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சோதனைச் சாவடி இல்லை என்பது வேறு, பாஸ்போர்ட் வேண்டாம் என்பது வேறு. நாடு விட்டு நாடு போகும்போது ஷெங்கன் பகுதிக்குள்ளேயும் இந்தியக் குடிமகன் பாஸ்போர்ட்டோடுதான் போக வேண்டும். நெதர்லாந்தில் 2005 ஜனவரி 1 முதல் 14 வயது நிரம்பிய யாராக இருந்தாலும், உள்நாட்டவர் உட்பட, கேட்டால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. ஆம்ஸ்டர்டாமில் வேலையாக இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கொலோன் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு முதுகுப்பையோடு ரயிலேறுகிறார். எல்லை தாண்டியதும் பெட்டிக்குள் இரண்டு காவலர்கள் ஏறி இருக்கை இருக்கையாக வருகிறார்கள். பாஸ்போர்ட் ஆம்ஸ்டர்டாம் வீட்டு மேசை இழுப்பறையில். அலைபேசியில் ஆதாரைத் திறந்து காட்டினால் காவலருக்கு அது ஒரு படம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒரு சொந்த ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2018க்குப் பிறகு டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துக் காவலர் ஏற்றுக்கொள்கிறார். பெங்களூர் விமான நிலையத்தில் முகத்தைக் காட்டியே உள்ளே போகிறார்கள். காகிதமே வேண்டாம் என்ற மனநிலை இங்கே ஊறிவிட்டது. அந்த மனநிலையோடு வெளிநாடு போகிறவர்தான் சிக்குகிறார். ஆதார், பான், வாக்காளர் அட்டை, இந்திய ஓட்டுநர் உரிமம் எதுவும் வெளிநாட்டுக் காவலரிடம் குடியுரிமைச் சான்று ஆகாது. விலக்கு நேபாளமும் பூடானும். இந்தியர்கள் அங்கே வாக்காளர் அட்டையோடு போய்வரலாம்.

பிரிட்டன் இதற்கு நேர் எதிர். அங்கே 2006இல் ஓர் அடையாள அட்டைச் சட்டம் வந்தது. 2010இல் அதை நீக்கிவிட்டார்கள். வெளிநாட்டவருக்குக் கொடுத்துவந்த பயோமெட்ரிக் அட்டைகளும் 2024 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்து, இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் இ-விசா. தெருவில் பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் அந்த இ-விசா குறிப்பிட்ட ஒரு பாஸ்போர்ட் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். பாஸ்போர்ட் மாறினால் கணக்கிலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விமான நிலையம் போய் நின்றால் விமான நிறுவனத்தின் கணினியில் விசா தெரியாமல் போகலாம்.

பெங்களூருக்கு அதிகம் தேவைப்படுவது அமெரிக்க விதி. அங்கே உள்நாட்டவருக்கு அடையாள அட்டைக் கட்டாயம் இல்லை. வெளிநாட்டவருக்கு உண்டு. 1940இல் போர்க்காலத்தில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. 18 வயது நிரம்பிய ஒவ்வொரு வெளிநாட்டவரும் தம் பதிவுச் சான்றை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும், தவறினால் 100 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வாசகம். நீண்ட காலம் இதை யாரும் பெரிதாக அமல்படுத்தவில்லை. இருபது வருடம் அங்கே இருந்தவர்கள்கூட இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்நாட்டு உள்துறைப் பாதுகாப்புத் துறை இதைக் கண்டிப்பாக அமல்படுத்துவதாக அறிவித்த பிறகுதான் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் பரபரப்பு ஏற்பட்டது.

அந்தச் சட்டம் கேட்பது பாஸ்போர்ட்டை இல்லை, பதிவுச் சான்றை. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்த அட்டையே சான்று. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாக்காரர்களுக்கு ஐ-94 எனப்படும் வருகைப் பதிவு. 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு அதைக் காகிதமாகக் கொடுப்பதில்லை. இணையதளத்தில் போய் அவரவரே அச்சிட்டுக்கொள்ள வேண்டும். ஆக, டல்லாஸில் இருக்கும் பெங்களூர்ப் பெண் தினசரி அலுவலகம் போக, கடைக்குப் போக, ஐ-94 அச்சுப் பிரதி ஒன்றைப் பர்ஸில் மடித்து வைத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம் இரண்டின் நகலையும் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் போதும். உள்ளூரில் அடையாளம் காட்ட அந்த மாநில ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் விமானத்தில் போகும்போது பாஸ்போர்ட்டையே எடுத்துப்போவது நல்லது.

எல்லை ஓரத்துக்குப் போகும்போது மட்டும் எதுவும் யோசிக்காமல் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும். தேசிய எல்லையிலிருந்து 100 மைலுக்குள் எல்லைக் காவல் படைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. நயாகரா போகாத ஆன்சைட் குடும்பம் அரிது. அருவியை ஒட்டியே ரெயின்போ பாலம். வாகன நெரிசலில் தவறான தடத்தில் ஏறிவிட்டால் திரும்ப இடமில்லாமல் கனடா சோதனைச் சாவடியில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே பாஸ்போர்ட் இல்லாமல் கார்க் கண்ணாடியை இறக்குவது குழந்தைகளோடு போன குடும்பத்துக்கு நல்ல அனுபவமாக இருக்காது. சான் டியாகோ, டெக்சாஸின் தென்பகுதி எல்லாம் இதே கணக்கு.

இதுவரை சொன்னது சட்டைப்பையா பெட்டியா என்ற கேள்வி. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: பாஸ்போர்ட் தன்னிடம் இருக்கிறதா, முதலாளியிடம் இருக்கிறதா? இதைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவது குறைவு. பாதிக்கப்படுகிறவர்கள் எழுதுவதற்கு வழியில்லாதவர்கள். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விமானம் இறங்கியதும் கம்பெனி ஆள் ஒருவர் பெயர்ப்பலகையோடு நிற்பார். வேனில் ஏறும் முன் பதினைந்து பேரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரு ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொள்வார். விசா அடிக்க, மருத்துவச் சோதனைக்கு, ஐடி எடுக்க என்று காரணம் சொல்வார். காரணம் உண்மைதான். குடியிருப்பு அனுமதி பெறச் சில நாள் அது தேவைப்படும். ஐடி வந்த பிறகும் புத்தகம் திரும்பி வராதபோதுதான் விஷயம் தெரியும். கேட்டால், "பத்திரமா இருக்கு, ஊருக்குப் போறப்ப தர்றோம்" என்பார்கள். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வருகிற இரவில், இழுப்பறைச் சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் இருப்பார்.

இதற்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது கூடாது. 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டமும் அதிகாரபூர்வ ஆவணங்களைப் பறித்துவைப்பதைத் தடை செய்கிறது. அங்கே 2022 ஏப்ரல் முதல் விசா ஸ்டிக்கரைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதே இல்லை. எமிரேட்ஸ் ஐடியே குடியிருப்புச் சான்று. ஆகவே கம்பெனிக்கு அந்தப் புத்தகத்தை வைத்திருக்கச் சாக்குகூட இப்போது குறைவு. கத்தாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம், குடியிருப்பு நடைமுறை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்கிறது. மீறினால் 25,000 ரியால் வரை அபராதம். மலேசியாவில் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, இன்னொருவர் பாஸ்போர்ட்டைத் தக்க காரணமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். சிங்கப்பூரிலும் முதலாளி வைத்துக்கொள்ள முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களாக வகுத்த பதினொன்றில் அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதும் ஒன்று.

இந்தியாவிலேயே நிலைமை என்ன என்று பார்த்தால் இதன் கனம் புரியும். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை 1977இல் அரசு முடக்கியது. அது உச்ச நீதிமன்றம் போய், 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு இந்திய அரசியல் சட்ட வரலாற்றையே திருப்பிப்போட்டது. காரணம் சொல்லாமல், எதிர்த்தரப்பைக் கேட்காமல் அரசுகூட ஒருவர் வெளிநாடு போவதைத் தடுக்க முடியாது என்றது. 2008இல் சி.பி.ஐ.க்கு எதிராக சுரேஷ் நந்தா தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், காவல்துறை பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாமே தவிர முடக்கிவைக்க முடியாது, அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே என்றது. சி.பி.ஐ.க்கே இல்லாத அதிகாரம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மேசை இழுப்பறைக்கு எப்படி வரும்?

நடைமுறையில் தொழிலாளி செய்யக்கூடியவை சில உண்டு. புறப்படும் முன்பே முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அலைபேசியில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைப்பது முதல் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்தான் பெற்றோர் பெயர், முகவரி, கோப்பு எண் எல்லாம் இருக்கும். புத்தகம் இல்லாமல் தூதரகத்தில் போய் நிற்கும்போது அந்தப் படம் வேலையைப் பாதியாகக் குறைக்கும். பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டி வந்தால் யாரிடம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தார் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது, அது முடியாவிட்டால் அன்றைக்கே வாட்ஸாப்பில் "பாஸ்போர்ட் இன்று கொடுத்தேன் அண்ணா, எப்போது திரும்பக் கிடைக்கும்?" என்று ஒரு செய்தி அனுப்பிவைப்பது இரண்டாவது. அந்த ஒரு வரி பின்னால் புகாருக்கு ஆதாரமாகும். தராவிட்டால் இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவிலோ, வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் இணையதளத்திலோ புகார் செய்யலாம். மதத் என்றால் இந்தியில் உதவி. ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோகூட அதில் பதிவு செய்யலாம்.

புத்தகம் திரும்பி வராமலே ஊர் திரும்ப வேண்டி வந்தால் தூதரகம் தருவது எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட். வளைகுடாத் தமிழில் அதன் பெயர் அவுட்பாஸ். இந்தியா திரும்புகிற ஒரே ஒரு பயணத்துக்கு மட்டுமே அது செல்லும். அதை வாங்கினாலும் அந்த நாட்டை விட்டு வெளியேறுவதற்கான அனுமதி தனி. மலேசியாவில் குடிவரவுத் துறையில் ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் வழக்கு, கடன், ஓடிப்போனதாகப் பதிவு எதுவும் நிலுவையில் இருந்தால் அவுட்பாஸ் கையில் இருந்தும் விமானம் ஏற முடியாது. அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொது மன்னிப்பு அறிவித்திருந்தபோது, அனுமதி இல்லாமல் தங்கியிருந்தவர்கள் அபராதம் இல்லாமல் வெளியேற முடிந்தது. பாஸ்போர்ட் கைவிட்டுப் போய் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட சில மாதங்கள்தான் வழி.

தொலைந்துபோவது இதைவிட எளிய சிக்கல், ஆனாலும் அலைச்சல் கொஞ்சமில்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் அதில் ஒட்டிய விசாவும் சேர்ந்து போகிறது. புதுப் பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகம் கொடுத்துவிடும், விசாவை அந்தந்த நாடுதான் மறுபடி தர வேண்டும். ஹெச்-1பிக்காரர் அமெரிக்காவுக்குள் இருக்கும்போது தொலைத்தால் ஐ-94 நடப்பில் இருக்கும் வரை வேலையைத் தொடரலாம். ஊருக்கு வந்த இடத்தில் தொலைத்தால் நிலைமை வேறு. பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை 2025 ஜனவரியில் திறந்தார்கள். ஆனால் விசா சேவையோடு அது தொடங்கவில்லை. முதலில் புதுப் பாஸ்போர்ட், பிறகு சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ விசா நேர்காணல், அதற்கு நாள் கிடைக்கும் வரை சம்பளமில்லாத விடுப்பு என்று வரிசையாக நீளும்.

ஊருக்குள் தொலைந்தால் காவல்துறையில் புகார் பதிவு செய்துவிட்டு, எப்படித் தொலைந்தது என்று எழுதிய உறுதிமொழியோடு மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணமாகப் புதுப்பிக்க 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தொலைத்தவருக்கு 3,000. 60 பக்கம் என்றால் 3,500. தட்கலில் வேண்டுமானால் மேலும் 2,000. பாஸ்போர்ட் சேவா கேந்திரம் என்ற ஏற்பாடு 2010இல் முதலில் தொடங்கிய ஊர்களில் பெங்களூர் ஒன்று. லால்பாக் சாலைக் கேந்திரத்தில் டோக்கன் வாங்கி, ஏ கவுன்டரில் புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, பி கவுன்டரில் அதிகாரி சான்றுகளைச் சரிபார்த்து, சி கவுன்டரில் ஒப்புதல் வாங்கி வெளியே வருவதற்கு, தாள்கள் சரியாக இருந்தால் அதிக நேரம் ஆகாது. தொலைந்த வழக்கில் பி கவுன்டரில்தான் கேள்விகள் கூடும். எங்கே, எப்போது, பழைய நகல் இருக்கிறதா, முன்பும் தொலைத்ததுண்டா? நகல் இருப்பவர் சீக்கிரம் நகர்ந்துவிடுவார்.

தொலைந்ததாகச் சொன்ன பாஸ்போர்ட் பிறகு சோபா இடுக்கில் கிடைத்துவிட்டால் பலரும் மகிழ்ச்சியோடு அதையே எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார்கள். கூடவே கூடாது. புகார் கொடுத்ததும் அந்த எண் ரத்தாகிவிடும். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்காக இன்டர்போல் 2002 முதல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் ஏறிவிட்ட எண்ணோடு பயணித்தால், சொந்தப் பாஸ்போர்ட்டாகவே இருந்தாலும், வேற்று நாட்டு விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்துப் போவார்கள். அதனால் புகார் கொடுக்கும் முன் வீட்டை ஒருமுறை முழுக்கத் தேடுவது அவசியம், கொடுத்த பிறகு பழையதைத் திருப்பி ஒப்படைப்பது அவசியம்.

நகல் எதுவரை உதவும்? கண்டிப்பில்லாத நாடுகளில் சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பாலும் உதவும். தாய்லாந்தில் தெருவில் சோதனை செய்பவர் நகலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது வழக்கம், சட்டப்படி அது அவர் விருப்பம். ஹோட்டலில் அறை எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க, வரித் தள்ளுபடியில் பொருள் வாங்க, டாலர் மாற்ற அசல் வேண்டும். இந்த வேலை இருக்கிற நாளில் மட்டும் எடுத்துப்போய், முடிந்ததும் அறைக்கு வந்து பூட்டிவிடுவது சரியான பழக்கம். கடற்கரை, மலையேற்றம், இரவுச் சந்தை, நெரிசலான மெட்ரோ என்று போகிற நாளில், சட்டம் கட்டாயப்படுத்தாத நாடாக இருந்தால், அறையிலேயே இருக்கட்டும். எடுத்துப்போயே ஆக வேண்டிய நாட்டில் கைப்பையிலோ பின் பாக்கெட்டிலோ வைக்காமல் சட்டைக்குள் கட்டும் இடுப்புப் பையில் வைக்கிறார்கள். அதிலும் ஒரு தொல்லை உண்டு. சென்னை வெயிலுக்குச் சளைக்காத சிங்கப்பூர், பாங்காக் வேர்வையில் புத்தகம் நான்கே நாளில் நைந்து, ஓரம் சுருண்டு, மை கசிந்துவிடும். சேதமடைந்த பாஸ்போர்ட்டைக் குடிவரவு அதிகாரி மறுக்கலாம். மாற்றவும் தொலைத்தவருக்கு ஆகும் அதே கட்டணம் ஆகும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அப்பாவின் ஒரே பையில் அடுக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் பை போனால் ஐந்து பேரும் ஒரே நாளில் ஆவணமில்லாதவர்களாகிவிடுவார்கள்.

பெங்களூரில் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கு இதே கேள்வி திருப்பிப் போட்டு வருகிறது. கம்மனஹள்ளி, ஹென்னூர்ப் பக்கம் அறை எடுத்திருக்கும் ஆப்பிரிக்க, அரபு மாணவர்கள் பதிவு செய்வது சாந்திநகர் பேருந்து நிலையக் கட்டடத்தில் இருக்கும், எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில். 2018 முதல் அந்த வேலையில் பெரும்பகுதி இணையவழியாகிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்குப் பதிலாக வந்தது. ஹோட்டல்கள் மட்டுமின்றிக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தங்களிடம் வரும் வெளிநாட்டவர் பற்றித் தகவல் தர வேண்டும் என்கிறது. வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை அனுப்ப வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் விவரமும் விசா விவரமும் போதும். அசலை வாங்கி வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளருக்கோ பி.ஜி. நடத்துபவருக்கோ எந்த உரிமையும் இல்லை. துபாயில் தம்பிக்கு நடந்தால் கொதிக்கிற விஷயம் இங்கே ஒரு சூடான் மாணவருக்கு நடக்கும்போது சாதாரணமாகத் தெரியக் கூடாது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோடு ஊர் திரும்பியிருப்பவர்கள் பெங்களூரில் ஏராளம். அவர்களுக்கு அட்டையோடு நடப்பு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் பயணத்தில் வேண்டும். முன்பெல்லாம் அட்டையில் எண் குறித்திருக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் சுமக்க வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் அந்தத் தேவையை நீக்கிவிட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களின் பழைய புத்தகக் கதை வேறு. காலாவதியான பாஸ்போர்ட்டில் பத்து வருட அமெரிக்க விசா உயிரோடு இருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். மூலை வெட்டப்பட்டு ரத்தான புத்தகமாக இருந்தாலும் விசா பக்கம் சேதப்படாதவரை அந்த விசா செல்லும். இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கும் பழக்கம் பெங்களூர் டிராவல் ஏஜென்ட் மேசைகளில் இன்னும் இருக்கிறது. இப்போது வரும் இ-பாஸ்போர்ட்டின் அட்டைக்குள் சிப் இருக்கிறது, முன் அட்டையில் இருக்கும் தங்க நிறச் சின்னம் அதன் அடையாளம். அந்த அட்டையில் ஊசி இறங்கினால் சிப் போய்விடலாம். ஒரு ரப்பர் பேண்டு போதும்.